டெல்லி ஏர்போர்ட்ல டெர்மினல் மாற 2 மணி 25 நிமிஷம் போதுமா?

தண்டையார்பேட்டைல இருந்து அம்மாவ கூட்டிட்டு அம்ரித்சர் போறேன், தம்பிக்கு குழந்தை பிறந்திருக்கு. நேரடி டிக்கெட் கிடைக்கல, அதனால சென்னை-டெல்லி ஒரு கம்பெனி ஃப்ளைட், அங்கேர்ந்து அம்ரித்சர் வேற கம்பெனினு தனித்தனியா போட்டுட்டேன், இப்பதான் பாக்குறேன் இறங்குறது டெர்மினல் 3, ஏறுறது டெர்மினல் 1, ரெண்டும் ஒரே கட்டடம் இல்ல, வெளிய வந்து ரோட்டுலதான் போகணும்.

10.40க்கு இறங்குறோம், 1.05க்கு அடுத்தது. பேக் 2, திரும்ப செக்-இன் பண்ணணும். அம்மாவுக்கு மூட்டு வலி, வீல்சேர் சொல்லிருக்கேன். ரெண்டு கஸ்டமர் கேர்லயும் பேசிட்டேன், அடுத்தவங்க பொறுப்புனு சொல்றாங்க. தேதி மாத்தவும் பார்த்தேன், டிக்கெட் விலையே பரவால்லங்கற அளவு கேக்குறாங்க.

சென்னைல பிரச்சனை இல்ல, மெட்ரோ நேரா ஏர்போர்ட் போயிடும். டெல்லிதான் பயமா இருக்கு.

வீல்சேரோட டெர்மினல் 3லேர்ந்து 1க்கு மாறினவங்க யாராவது இருக்கீங்களா, பேக் எடுத்து அடுத்த கவுண்டர் போய் நிக்க மொத்தம் எவ்ளோ நேரம் ஆச்சு?