யூஎஸ்பி மைக்ல "ம்ம்ம்"னு சத்தம், நாளைக்குள்ள பாடம் அனுப்பணும், உதவுங்க

மொட்டைமாடி | இரவு 8:12
வணக்கம். பார்வையில்லாத பிள்ளைங்களுக்காக பத்தாம் வகுப்பு சமூக அறிவியலை வாசிச்சுப் பதிவு பண்றேன். புது மைக். வாக்கியத்துக்கு நடுவுல நிறுத்தினா பின்னாடி ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கு. ஆடாசிட்டில (ஒலி எடிட் பண்ற மென்பொருள்) பின்சத்தத்தைக் குறைக்கிற நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டா குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடுது. காலைல ரெண்டு பாடம் அனுப்பணும். என்ன பண்ணலாம்?

காவேரிக்கரை | 8:20
ஃபேன்தான், சந்தேகமே வேண்டாம். நிறுத்திட்டுப் பேசுங்க.

வானொலிப்பிரியை | 8:26
மைக் கண்டென்சர் வகையா டைனமிக் வகையா? லேப்டாப்பா டெஸ்க்டாப்பா? ஹப் வழியா சொருகியிருக்கீங்களா? வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரம்? சத்தம் "ம்ம்ம்"னு அடியில வருதா, "கீஈ"ன்னு விசில் மாதிரியா? கடைசிக் கேள்விக்காவது பதில் சொல்லுங்க.

சால்டரிங்_அண்ணன் | 8:31
விசில் மாதிரின்னா கேபிளையும் போர்ட்டையும் மாத்திப் பாருங்க. யூஎஸ்பி ஃபுல் ஸ்பீடுல நொடிக்கு 1000 ஃப்ரேம் (டேட்டாத் துண்டு) போகுது, அது மின்சப்ளை வழியா கசிஞ்சா 1000 ஹெர்ட்ஸ்ல கீச்சிடும்.

அலைவரிசை50 | 8:34
இதே கேள்வி மாசம் நாலு தடவை வருது. பழைய இழைகளைத் தேடிப் படிச்சிட்டு வரலாம். யூஎஸ்பி மைக் வாங்கினா இப்படித்தான். எக்ஸ்எல்ஆர் மைக்கும் (ஸ்டுடியோ கேபிள்ல மாட்டற மைக்), அதைக் கம்ப்யூட்டரோட இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்குங்க.

வானொலிப்பிரியை | 8:37
காலைல அனுப்பணும்னு சொல்றாங்க, ராத்திரி எந்தக் கடை திறந்திருக்கு?

மொட்டைமாடி | 8:51
ஃபேன் நிறுத்தியாச்சு, வேர்த்து ஊத்துது, சத்தம் அப்படியே இருக்கு. "ம்ம்ம்"தான். கண்டென்சர், லேப்டாப்ல நேரா சொருகியிருக்கு. ஒன்றரை அடி தள்ளி உக்காந்திருக்கேன்.

வானொலிப்பிரியை | 8:55
ஒன்றரை அடி ரொம்ப தூரம். ஒரு சாண் அளவுக்குக் கிட்ட வாங்க, வாய் நேரா பாக்காம கொஞ்சம் சாய்வா இருக்கட்டும். தூரம் பாதியானா குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் கூடும், அந்த அளவுக்கு கெயினை (மைக் ஒலியைப் பெருக்குற அளவை) குறைச்சிடலாம்.

காவேரிக்கரை | 8:58
சுவத்துல முட்டை அட்டை ஒட்டுங்க. நான் ரெண்டு வருஷமா வெச்சிருக்கேன், அருமையா இருக்கு.

சால்டரிங்_அண்ணன் | 9:02
முட்டை அட்டை இதுக்கு உதவாது. கரண்ட்டோட 50 ஹெர்ட்ஸ்ல வர்ற ஒலி அலையோட நீளமே கிட்டத்தட்ட 7 மீட்டர், அந்த மெல்லிசு அட்டை அதை என்ன செய்யும்? தீப்பிடிச்சா வேற ஆபத்து.

காவேரிக்கரை | 9:05
என் ரூம்ல எதிரொலி குறைஞ்சுது. காதால கேட்டவன் சொல்றேன்.

சால்டரிங்_அண்ணன் | 9:09
கீச்சுக் குரல் பக்கம் கொஞ்சம் சிதறியிருக்கும், ஒத்துக்கிறேன். அதுக்குக்கூட மெத்தை, கம்பளி, துணி நிறைஞ்ச பீரோ மேல். ஆனா எதிரொலி வேற, கரண்ட் வழியா வர்ற சத்தம் வேற.

@மொட்டைமாடி, இதைச் செய்யுங்க. பேசாம மூணு துண்டு பதிவு பண்ணுங்க: சார்ஜர் போட்டு 10 நொடி, கழட்டிட்டு 10 நொடி, மறுபடி போட்டு மைக்கோட உலோகத்தைக் கையால தொட்டுக்கிட்டு 10 நொடி. அப்புறம் ஆடாசிட்டில பிளாட் ஸ்பெக்ட்ரம் (எந்த அலைவரிசைல எவ்வளவு சத்தம்னு காட்டுற படம்) பாருங்க. 50, 100, 150 ஹெர்ட்ஸ்ல முள்ளு மாதிரி நின்னா கரண்ட்தான்.

மொட்டைமாடி | 9:27
சார்ஜரைக் கழட்டினா சத்தமே இல்ல!! மைக்கைத் தொட்டா பாதிக்கு மேல குறையுது. லேப்டாப் மேல விரலை வெச்சா சுருசுருன்னு இருக்கும், எப்பவும் இருக்கிறதுதானேன்னு அதைச் சொல்லல.

சால்டரிங்_அண்ணன் | 9:30
அதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். சார்ஜர்ல எத்தனை பின்? சுவத்துல எப்படி மாட்டியிருக்கீங்க?

மொட்டைமாடி | 9:33
மூணு பின். இங்க ரெண்டு ஓட்டை பிளக்பாயின்ட்தான், மூணு பின்னை ரெண்டாக்குற கன்வெர்ட்டர் போட்டிருக்கேன்.

அலைவரிசை50 | 9:35
எர்த் லூப் (எர்த் ரெண்டு வழியா இணைஞ்சு சுத்துறது). எர்த் பின்னுல டேப் சுத்துங்க, போயிடும்.

சால்டரிங்_அண்ணன் | 9:38
யாரும் அப்படிச் செய்யாதீங்க. எர்த் உயிரைக் காப்பாத்துறதுக்கு இருக்கு. இவங்க வீட்டுல லூப்பே கிடையாது, எர்த்தே போய்ச் சேரல. சார்ஜருக்குள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியா கொஞ்சூண்டு கரண்ட் எப்பவும் கசியும். எர்த் இருந்தா அது வழியா இறங்கிடும். இல்லன்னா லேப்டாப் உடம்புல நிக்கும், யூஎஸ்பி கேபிளோட ஷீல்டு (மேல சுத்தியிருக்கிற உலோக வலை) வழியா மைக்குக்கும் ஏறும். விரல்ல சுருசுருங்கறதும் மைக்ல ம்ம்ம்ங்கறதும் ஒண்ணுதான். எர்த் உள்ள மூணு பின் பாயின்ட்ல மாட்டுங்க. இன்னைக்கு ராத்திரிக்கு பேட்டரிலயே ஓட்டுங்க.

அலைவரிசை50 | 9:44
நான் சொன்னது ஸ்டுடியோல எல்லாரும் செய்யறதுதான்.

வானொலிப்பிரியை | 9:46
எல்லாரும் செஞ்சாலும் தப்பு தப்புதான். பிள்ளைங்க இருக்கிற வீடு.

@மொட்டைமாடி, பதிவோட ஆரம்பத்துல 5 நொடி பேசாம விடுங்க. நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு அந்தத் துண்டைக் காட்டிட்டு, 6 டெசிபெல் மட்டும் குறைங்க. தண்ணிச் சத்தம் வராது. அது என்ன மைக்னு இன்னும் சொல்லல.

மொட்டைமாடி | 11:52
பேட்டரில முதல் பாடம் முடிஞ்சுது. ஹால்ல ஃப்ரிட்ஜ் பாயின்ட்ல எர்த் இருக்கு, இப்ப அங்க உக்காந்து ரெண்டாவது ஓடுது. சுத்தமா இருக்கு. நன்றி அண்ணா, நன்றி அக்கா.