சிரப் மாதிரி: நுவரெலியா மாவட்டத்தில் சட்டம் தெரிந்தவர்கள் உதவவும்

அட்டன் பார்மசி ஒன்றில் வாங்கிய இருமல் சிரப்பின் அடியில் படிகம் தங்கியிருக்கிறது. இந்தக் குளிரில் சீனி படிவதும் உண்டு, அதனால் அதை மட்டும் வைத்து உற்பத்தியாளர் மேல் குற்றவழக்குப் போட முடியாது. டைஎத்திலீன் கிளைக்கோல் என்ற நச்சுக் கரைப்பான் கலந்திருக்கிறதா என்று ஆய்வுகூடம்தான் சொல்லவேண்டும். திறந்த போத்தல் உதவாது. வீட்டில் ஏதோ கலந்துவிட்டார்கள் என்று எதிர்த்தரப்பு லேசாகத் தட்டிவிடும். அதே தொகுதி (batch) இலக்கத்தில் சீல் உடையாத போத்தல் இரண்டும் பில்லும் பத்திரமாக உள்ளன, லயத்து அடுப்படிச் சூட்டுக்கு எட்டாமல்.

இந்தியாவின் 1940 மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் 26ஆம் பிரிவுப்படி வாங்கியவரே கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். இங்கே இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் அப்படி வழியுண்டா? இல்லையென்றால், கடையில் மிச்சமுள்ளதை உணவு மருந்துப் பரிசோதகர் முத்திரையிட்டு எடுக்க யாருக்கு எழுதவேண்டும்? சரக்கு விற்றுத் தீருமுன் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.