குளிக்கும்போது ஏதோ தட்டுப்பட்டது: உங்களுக்கு இப்படி நடந்திருக்கா?

நடுநிசி:
வேற யார்கிட்டயும் கேட்க முடியல, அதனால இங்க எழுதறேன். வயசு 23. மூணு வாரத்துக்கு முன்னாடி குளிக்கும்போது இடது விதைக்குப் பின்பக்கம் ஏதோ தட்டுப்பட்டுச்சு. மெத்துன்னு, நூலைச் சுருட்டி வெச்ச மாதிரி. வலது பக்கம் பார்த்தேன், அங்கயும் இருக்கு, ஆனா கொஞ்சம் சின்னது. அன்னியிலேர்ந்து கை அங்கேயே போகுது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இருக்கும். ஆபீஸ் பாத்ரூம்ல கூட. இப்ப வலி வேற ஆரம்பிச்சிடுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்குக் கேன்சர் கட்டி போட்டோவா தேடிப் பார்த்துட்டு முழிச்சிருக்கேன். வீட்டுல சொல்ல வாய் வரல. டாக்டர்கிட்ட போனா என்ன பண்ணுவாங்க? போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

பழைய சைக்கிள்:
தம்பி, முதல்ல கையை எடுங்க. தினம் பத்துத் தடவை அழுத்தினா எந்த உறுப்பும் வலிக்கத்தான் செய்யும். பின்னால மெத்துன்னு சுருள் மாதிரி இருக்கிறது எல்லா ஆம்பளைக்கும் உண்டு, எபிடிடிமிஸ்னு பேரு, விந்தணு தங்கி முதிர்ற குழாய். உங்களுக்கு இருக்கிறது அதுதானான்னு நான் இங்க உட்கார்ந்து சொல்ல முடியாது. ஆனா நானும் 20 வயசுல இதே சுருளைக் கண்டுபிடிச்சு ஒரு மாசம் சாப்பிடாம கிடந்தவன். ஒருதடவை காட்டிட்டு வந்துடுங்க.

ஒத்தையாள்:
பேரைப் பார்த்தாலே புரிஞ்சிருக்கும். எனக்கு ஒண்ணுதான் இருக்கு. ஏழு வருஷம் ஆச்சு, அப்ப வயசு 27.

எனக்கு வலியே இல்லை. அதுதான் பிரச்சினை. வலது பக்கம் ஒரு கனம், நாள் முழுக்க நின்னா அடிவயித்துல லேசா இழுக்கிற மாதிரி. விளையாடும்போது பந்து பட்டது, அதனாலன்னு நானே தீர்ப்பு சொல்லிக்கிட்டேன். அடிபட்டா கேன்சர் வராதுன்னு பிறகுதான் டாக்டர் சொன்னார். அடிபட்ட சாக்குல கை போகுது, ஏற்கெனவே இருந்தது தெரியவருது, அவ்வளவுதான். மார்புக்காம்பு ரெண்டும் தொட்டாலே வலிச்சுது. அதை ஜிம் கணக்குல எழுதிட்டேன். இப்படியே அஞ்சு மாசம்.

ஒருநாள் குளிச்சு முடிச்சுத் துடைக்கும்போது ரெண்டையும் ஒண்ணுக்கொண்ணு ஒப்பிட்டுப் பார்த்தேன். இடதை அழுத்தினா இடம் கொடுக்குது. வலதோட முன்பக்கத்துல பட்டாணி அளவுக்கு ஒரு இடம் கல்லு மாதிரி. நகர்த்தினா தனியா நகரலை, விதையோட சேர்ந்தே வருது.

முதல்ல போன டாக்டர்கிட்ட "கீழ ஒரு பிரச்சினை"ன்னு சொன்னேன். முட்டியான்னு கேட்டார்! நம்ம மொழியில அந்த இடத்துக்கு ஒண்ணு புத்தகப் பேரு இருக்கு, இல்லைன்னா கெட்ட வார்த்தை இருக்கு, நடுவுல ஒண்ணும் இல்லை. எப்படியோ சொல்லி முடிச்சேன். தொட்டுப் பார்க்காமலே கிருமித்தொற்றா இருக்கும்னு பத்து நாளைக்கு மாத்திரை எழுதினார். குறையலை, ஆனா குறைஞ்ச மாதிரி எனக்கே ஒரு பிரமை. அதுல இன்னொரு மாசம் போச்சு. அங்கதான் கோபம் வருது எனக்கு, அவர் மேலயும் என் மேலயும். தொற்றுன்னு மருந்து கொடுத்து வீக்கம் வடியலைன்னா அடுத்த வேலை ஸ்கேன்தான்.

ரெண்டாவது டாக்டர் அன்னிக்கே ஸ்கேனுக்கு அனுப்பினார். ஜெல் சில்லுன்னு இருந்துச்சு. ஸ்கேன் பண்ணவர் பேசிக்கிட்டே இருந்தவர் திடீர்னு பேச்சை நிறுத்திட்டார். மெஷின்ல படம் பிடிக்கிற டிக் டிக் சத்தம் மட்டும். அப்பவே தெரிஞ்சுபோச்சு.

ரத்தத்துல, இந்தக் கேன்சர் இருந்தா ஏறக்கூடிய மூணு பொருளைப் பார்த்தாங்க: ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச். எச்சிஜி கர்ப்பமானவங்களுக்கு ஏறுற ஹார்மோன். எனக்கு ஏறியிருந்தது. மார்பு வலிச்ச காரணம் அதுதானாம். ஊசி போட்டுச் சதை எடுத்து டெஸ்ட் பண்ணமாட்டீங்களான்னு கேட்டேன். விதையில அப்படிக் குத்தக்கூடாதுன்னார். கருவுல விதை உருவாகிறது வயித்துக்குள்ள, சிறுநீரகத்துக்குப் பக்கத்துல. அங்கிருந்துதான் கீழ இறங்குது. அதனால அதோட நிணநீர் ஓட்டம், அதாவது கேன்சர் பரவுற பாதை, மேல முதுகுப் பக்கம் போகுது. பையோட தோலுக்கு வழி வேற, அது தொடை இடுக்குக்குப் போகும். பை வழியா ஊசி போட்டா கேன்சருக்குப் புது வழி திறந்த மாதிரி. அதனாலதான் ஆபரேஷனையும் பையில பண்ணாம, இடுப்புக்குக் கீழ இடுக்குல வெட்டி, விதை தொங்குற கொடியோட மேல இழுத்து எடுக்கறாங்க. என் தழும்பைப் பார்த்தா குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ண மாதிரிதான் இருக்கும். ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் விந்து சேமிக்க அனுப்பினாங்க. ஒரு சின்ன அறை, ஒரு பிளாஸ்டிக் கப், வெளிய ஒருத்தர் போன்ல சத்தமா சண்டை போட்டுக்கிட்டு இருக்கார். என் வாழ்க்கையில அவ்வளவு சிரமப்பட்டு அந்த வேலையைச் செஞ்சதில்லை. ஆனா யாருக்காவது இந்த நிலைமை வந்தா, டாக்டர் மறந்தாலும் நீங்க கேளுங்க. கீமோ ஆரம்பிச்சபிறகு கேட்டுப் புண்ணியமில்லை.

எனக்கு வந்தது விதைப் புற்றுநோய்ல நான்-செமினோமாங்கிற வகை, வயித்து நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருந்தது. மூணு சுற்று கீமோ, ஒவ்வொண்ணும் 21 நாள். பிளியோமைசின், எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின். முடி போச்சு, வந்துச்சு. காதுல ஒரு கீச்சொலி மட்டும் போகவே இல்லை, அமைதியான அறையில இப்பவும் கேட்கும். சிஸ்பிளாட்டின் விட்டுட்டுப் போனது. மருந்து ஏறுற அந்த மணிக்கணக்குல அதைப் பத்தியே படிச்சேன். 1965-ல ரோசன்பர்க்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி, பாக்டீரியா வளர்ச்சியை மின்சாரம் எப்படிப் பாதிக்குதுன்னு பார்க்கப் போயிருக்கார். பாக்டீரியா பிரியறதை நிறுத்திட்டு நீளமா வளர்ந்துக்கிட்டே போச்சு. மின்சாரம் இல்லை காரணம். மின்முனையா வெச்சிருந்த பிளாட்டினம் கரைஞ்சு கலந்ததுதான். 1974-ல அமெரிக்காவுல இண்டியானாவுல லாரன்ஸ் ஐன்ஹார்ன்னு ஒரு டாக்டர் அதை வேற ரெண்டு மருந்தோட சேர்த்து விதைப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார். அதுக்கு முன்னாடி உடம்புல பரவினா பெரும்பாலும் முடிஞ்ச கதை. இன்னிக்குப் பரவினவங்கள்லயே பெரும்பாலானவங்க குணமாகறாங்க. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996-ல மூளை வரைக்கும் போயிருந்தது, பிழைச்சார். (பட்டமெல்லாம் ஊக்கமருந்துல பறிபோனது வேற கதை.) யுவராஜ் சிங்குக்கு வந்ததும் இதே குடும்பத்துக் கேன்சர்தான், ஆனா இடம் நெஞ்சு, ரெண்டு நுரையீரலுக்கும் நடுவுல. 2012-ல அவரும் ஐன்ஹார்ன்கிட்டதான் போனார். அதே வருஷம் திரும்பி வந்து ஆடினார்.

இப்ப எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு பொண்ணு இருக்கா. சேமிச்சு வெச்சது தேவைப்படலை. மிச்சம் இருக்கிற ஒண்ணே ஹார்மோன் வேலையைப் பார்த்துக்குது. சிலிக்கான்ல செஞ்ச போலி விதை வைக்கலாம்னாங்க, வேணாம்னுட்டேன்.

இடிதாங்கி:
எனக்கு நடந்தது கேன்சர் இல்லை, ஆனாலும் இங்க சொல்லணும். எல்லாரும் "வலி இருந்தா பயமில்லை"ன்னு படிச்சிட்டு நிம்மதியாயிடறீங்க.

அப்ப 16 வயசு. தூக்கத்துல எழுப்புற மாதிரி இடது பக்கம் ஒரு வலி. கத்தி இறக்கின மாதிரின்னு எழுதுவாங்களே, அதெல்லாம் குறைவு. ரெண்டு தடவை வாந்தி. விதை எப்பவும் இருக்கிற இடத்துல இல்லை, மேல ஏறி குறுக்கா நிக்குது. அம்மா கதவைத் தட்டி என்னடான்னு கேட்டாங்க. "வயித்து வலி"ன்னேன். பொய். விடியற வரைக்கும் தலையணையைக் கடிச்சிட்டுக் கிடந்தேன். காலைல போனப்ப ஒன்பது மணி நேரம் ஆயிருந்தது. விதை தன்னோட கொடியிலயே முறுக்கிக்கிட்டு ரத்தம் நின்னுபோயிருக்கு. ஆறு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா பெரும்பாலும் காப்பாத்தியிருக்கலாம்னார் சர்ஜன். கறுத்துப்போனதை எடுத்துட்டு, நல்லா இருந்ததையும் முறுக்காம இருக்கத் தையல் போட்டு நிறுத்தினாங்க.

திடீர் வலி, வாந்தின்னா ஸ்கேனுக்கு அப்பாயின்ட்மென்ட் எடுத்துட்டு உட்காராதீங்க. நேரா எமர்ஜென்சிக்கு ஓடுங்க.

மண்புழு:
எனக்கு வெரிகோசீல். இடது பைக்குள்ள மண்புழுவை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். நின்னா தெரியும், படுத்தா காணாம போகும். ரத்தக்குழாய் புடைப்பு, அவ்வளவுதான். படுத்தும் மறையலைன்னா, இல்லை வலது பக்கம் மட்டும் புதுசா வந்தா வயித்தையும் ஸ்கேன் பண்ணிப் பார்க்கச் சொல்வாங்க.

ஸ்கேன் அறை:
நான் இந்த ஸ்கேன் எடுக்கிற வேலையில இருக்கேன். ஒத்தையாள் சார், நாங்க பேச்சை நிறுத்தினா கேன்சர்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டு வர்றாங்க! மூணு பக்கமும் அளவெடுக்கும்போது பேச முடியாது, அவ்வளவுதான். உங்க விஷயத்துல அப்படி ஆயிடுச்சு, மன்னிக்கணும்.

தம்பிக்கு: ஒரு டவல் மடிச்சுக் கீழ வைப்போம், இன்னொண்ணு மேல போர்த்துவோம். பிரச்சினை இல்லாத பக்கத்தை முதல்ல பார்ப்போம், ஒப்பிடறதுக்கு. பதினஞ்சு நிமிஷம். கதிர்வீச்சு கிடையாது. நாங்க முதல்ல தேடற பதில் ஒண்ணே ஒண்ணு: கட்டி விதைக்கு உள்ளயா, வெளியயா? வெளிய இருக்கிறது பெரும்பாலும் நீர்க்கட்டியாவோ வேற சாதுவான ஒண்ணாவோதான் இருக்கும். உள்ள, திடமா இருந்தா, வேற ஏதோன்னு நிரூபணம் ஆகுற வரைக்கும் கேன்சர்னுதான் வெச்சுக்குவோம். சிலருக்கு ரிப்போர்ட்ல மைக்ரோலிதியாசிஸ்னு வரும், விதைக்குள்ள பொடிப்பொடியா வெள்ளைப் புள்ளி. அதை மட்டும் பார்த்துட்டு அழுதுக்கிட்டுப் போன பையனை எனக்குத் தெரியும். வேற ஆபத்துக் காரணம் எதுவும் இல்லைன்னா அதைத் தொடர்ந்து ஸ்கேன் பண்ணிக்கிட்டே இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொண்ணு, கீமோவுல பிளியோமைசின் வாங்கினவங்க பின்னால எதுக்கு மயக்க மருந்து வாங்கினாலும் அதைச் சொல்லிடுங்க. நுரையீரல் விஷயம், ஆக்சிஜன் அளவைப் பார்த்துக் கொடுப்பாங்க.

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் மாசாமாசம் பாருங்கன்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. அமெரிக்காவுல நோய்த்தடுப்புப் பரிந்துரை சொல்ற யுஎஸ்பிஎஸ்டிஎஃப் 2011-ல அறிகுறி இல்லாதவங்களுக்கு விதையைத் தொட்டுப் பார்க்கிற இந்தப் பரிசோதனை வேண்டாம்னு சொல்லிடுச்சு. அபூர்வமான நோய், தாமதமா வந்தாலும் பெரும்பாலும் குணமாகுது, தேவையில்லாத பயமும் ஸ்கேனும்தான் மிச்சம்னு காரணம். நடுநிசியைப் பாருங்க, உதாரணம் கண்ணு முன்னாடி இருக்கு.

ஒத்தையாள்:
மறுக்கலை. காலண்டர்ல குறிச்சு வெச்சுத் தேடச் சொல்லலை நான். தன் உடம்பு எப்படி இருக்கும்னு தெரிஞ்சிருக்கணும்னு மட்டும் சொல்றேன். எனக்கு அது தெரிஞ்சிருந்தா அஞ்சு மாசம் வீணாகியிருக்காது, கணுவுக்குப் போறதுக்கு முன்னாடியே ஆபரேஷனோட முடிஞ்சிருக்கலாம். மூணு சுற்று கீமோவை "எப்படியும் குணமாகுது"ன்னு ஒரு வரியில எழுதிட முடியாது சார்.

செய்முறை கேட்டு ரெண்டு பேர் தனியா எழுதியிருந்தாங்க. சுடுதண்ணியில குளிச்சபிறகு, பை தளர்ந்து இருக்கும்போது. கட்டை விரல் மேல, ரெண்டு விரல் கீழ, நடுவுல விதையை மெதுவா உருட்டுங்க. வழவழன்னு, அழுத்தினா லேசா இடம் கொடுக்கணும். ஒண்ணு கொஞ்சம் பெரிசா இருக்கும், ஒண்ணு தாழ்ந்து தொங்கும், அது எல்லாருக்கும் அப்படித்தான். பின்னால சுருள், மேல கயிறு மாதிரி ஒண்ணு, அதுவும் சொந்த உறுப்புதான். ஒரு நிமிஷ வேலை. அப்புறம் மறந்துடுங்க.

பையனோட அம்மா:
நான் பெண், எழுதலாமான்னு தெரியலை. என் மகனுக்குப் பிறந்தப்ப ஒரு விதை இறங்கலை. 14 மாசத்துல ஆபரேஷன் பண்ணிக் கீழ வெச்சாங்க. இப்ப 15 வயசு. இப்படிப் பிறந்தவங்களுக்குப் பின்னால கேன்சர் ஆபத்து மத்தவங்களைவிட அதிகம், பெரியவன் ஆனதும் தானே பார்த்துக்கச் சொல்லிக்கொடுங்கன்னு அப்பவே டாக்டர் சொன்னார். அவன் அப்பாவைப் பேசச் சொன்னேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சார். கடைசியில நானே அவன் ரூமுக்குப் போய், அவன் முகத்தைப் பார்க்காம, துணி மடிச்சுக்கிட்டே சொல்லி முடிச்சேன். "சரிம்மா"ன்னான். கொஞ்ச நேரம் கழிச்சு, "ரெண்டு பக்கமும் பார்க்கணுமா?"ன்னு கேட்டான். பார்க்கணும்தானே?

ஒத்தையாள்:
ஆமாங்க்கா, ரெண்டும். அந்த டாக்டர்கிட்ட ஒருதடவை கூட்டிட்டுப் போய் அவர் வாயாலயும் கேட்கவைங்க.

நடுநிசி:
போயிட்டு வந்தேன். யூராலஜி டாக்டர் நிக்கவெச்சும் படுக்கவெச்சும் பார்த்தார், ரெண்டு நிமிஷம்தான். கூச்சமா இருந்துச்சு, ஆனா அவர் முகத்துல ஒண்ணும் இல்லை, பல்லைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பின்னால இருந்தது எபிடிடிமிஸ்தான். அதுல 4 மில்லிமீட்டர்ல ஒரு நீர்க்கட்டி இருக்குன்னு ஸ்கேன்ல வந்துச்சு, விதைக்கு வெளிய, ஒண்ணும் செய்ய வேண்டாமாம். வலிக்கு என்ன காரணம்னு கேட்டேன். "உங்க விரல்"னார்.

ஸ்கேன் அறை சொன்ன மாதிரியே டவல். அவங்க பேசாம அளவெடுத்தப்ப உள்ளங்கை வேர்த்துப்போச்சு, தெரிஞ்சிருந்தும்.

ராத்திரி அப்பாகிட்ட மட்டும் சொன்னேன், அம்மா தூங்கினபிறகு. திட்டுவார்னு நினைச்சேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "எனக்கும் ஒரு பக்கம் வீங்கித்தான் இருக்கு"ன்னார். எட்டு வருஷமா! பேன்ட் லூஸா தைக்கிறதே அதுக்குத்தானாம். நாளைக்குக் காலைல அவரைக் கூட்டிட்டுப் போறேன். அதே டாக்டர்தான். வண்டியில வர்றப்ப பேச்சுக்கொடுக்காதன்னு இப்பவே சொல்லிட்டார்.