உலர்த்தும் முறையே முடிவை மாற்றிவிடும்: இறுகிய சிமெண்ட் மாதிரிகள் பற்றிய அனுபவப் பகிர்வு

105 டிகிரி செல்சியஸ் அவனில் (உலர்த்தும் அடுப்பில்) வைத்தெடுத்த சிமெண்ட் பேஸ்ட்டை எக்ஸ்ஆர்டியில் (படிகங்களை அடையாளம் காட்டும் எக்ஸ்கதிர் சோதனையில்) போட்டால், 9.1 டிகிரி கோணத்தில் வரவேண்டிய எட்ரிங்கைட் (சிமெண்ட் நீருடன் வினைபுரியும்போது உண்டாகும் ஒரு கனிமம்) உச்சி தெரியாது. உடனே "எட்ரிங்கைட் உருவாகவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். உருவானதை அடுப்பின் சூடு குலைத்துவிட்டது. அதன் வாய்பாட்டில் 32 நீர். 70 டிகிரிக்குள்ளேயே படிகம் ஆட்டம் காணும். சி-எஸ்-எச் (கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட், சிமெண்டைப் பிணைக்கும் ஜெல்) அடுக்குகளுக்கு இடையிலுள்ள நீரும் போய்விடும். ஈரப்பதம் கணக்கிட 105 போதும், கனிம ஆய்வுக்கு ஆகாது.

*

எட்ரிங்கைட் குலையாமல் வேண்டுமென்றால், நீரை வெளியேற்ற ஐசோபுரொப்பனால் என்ற ஆல்கஹால்தான். மாதிரியை 1 மிமீக்குக் கீழே நொறுக்கி, 3 கிராமை 100 மில்லியில் 15 நிமிடம் ஊறவைத்து, வெற்றிட வடிகட்டியில் வடித்து, 10 மில்லி டைஎத்தில் ஈதர் ஊற்றிக் கழுவி, 40 டிகிரியில் 8 நிமிடம் உலர்த்தவேண்டும். ஈதர் எளிதில் பற்றிக்கொள்ளும். புகைபோக்கி அறைக்குள் முழுக்க ஆவியாக விட்ட பிறகே அடுப்புப் பக்கம் கொண்டுபோங்கள். எஸ்இஎம்முக்கான (எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கான) வில்லைகளுக்கு 15 நிமிடம் போதாது. 2, 3 மிமீ தடிமனுக்கே பல நாள் ஊறவேண்டும், நடுவில் கரைப்பானையும் மாற்றவேண்டும்.

*

ஆய்வகத்தில் அசிட்டோன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். காரச் சூழலில் அது தனக்குள்ளேயே வினைபுரிந்து கனமான சேர்மங்களாகி ஜெல்லில் ஒட்டிக்கொள்ளும். டிஜிஏவில் (சூடாக்கச் சூடாக்க எடை எவ்வளவு குறைகிறது என்று அளக்கும் சோதனையில்) சூடேறும்போது அவை சிதைந்து கார்பனேட் ஆக்கும். 400–500 டிகிரியில் கால்சியம் ஹைட்ராக்சைடின் இழப்பு குறையும், 600–800இல் கார்பனேட் இழப்பு ஏறும். பார்ப்பவர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடால் கார்பனேற்றம் நடந்ததாக நினைப்பார். மெத்தனாலும் இதே வம்புதான். ஐசோபுரொப்பனாலும் கொஞ்சம் தங்கும், ஆனால் தொல்லை குறைவு.

*

உறைய வைத்து உலர்த்துவதும் மென்மையான முறை இல்லை. திரவ நைட்ரஜனில் சட்டென உறையவைத்தால் துளை அமைப்பு ஓரளவு காப்பாற்றப்படும், துளைகளை அளக்கும் பாதரச ஊடுருவல் சோதனைக்கு அது உதவும். ஆனால் நீண்ட வெற்றிடம் அறை வெப்பத்திலேயே எட்ரிங்கைட்டின் நீரை உறிஞ்சிவிடும்.

உலர்ந்த தூளைத் திறந்தவெளியில் வைக்கக்கூடாது. காற்றின் கார்பன் டை ஆக்சைடால், எக்ஸ்ஆர்டியில் 10.8 டிகிரி கோணத்தில் இருக்கும் ஹெமிகார்பனேட் (சிமெண்டில் உண்டாகும் இன்னொரு கனிமம்) உச்சி 11.7க்கு, அதாவது மோனோகார்பனேட்டுக்கு, நகர்ந்துவிடும். கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் போட்ட டெசிகேட்டர் (காற்றுப் புகாத கலம்) அவசியம்.

*

டிஜிஏ கணக்கில் ஒன்று: கால்சியம் ஹைட்ராக்சைடு = நீரிழப்பு × 74/18. தொடக்க எடையால் வகுத்தால் எவ்வளவு உலர்த்தினோம் என்பதற்கேற்ப விடை மாறும். 600 டிகிரியில் மிஞ்சும் எடையால் வகுங்கள். கார்பனேற்றத்தில் போனதைச் சேர்க்க கார்பன் டை ஆக்சைடு இழப்பு × 74/44. சிமெண்டில் சுண்ணாம்புக்கல் தூள் கலந்திருந்தால் அதன் பங்கை முதலில் கழித்துவிடவேண்டும்.