கைடோடு காட்டுக்குள்ள பறவை பார்க்கப் போனவங்க எழுதுங்க: மனசை விட்டுப் போகாத ஒரு நிமிஷம் (சிங்கராஜா, நுவரெலியா, அந்தமான்)

காட்பாடிக்காரி:

இலங்கையில சிங்கராஜா மழைக்காடு, குடாவ வாசல். எப்படிப் போனோம், எங்க தங்கினோம்னு எழுதப் போறதில்ல, போனவங்களுக்குத் தெரியும். கைடு இல்லாம உள்ள விடமாட்டாங்க. எங்களுக்கு அமைஞ்சவர் பக்கத்துக் கிராமத்துக்காரர், ஐம்பதைத் தாண்டினவர், தமிழ் ஓரளவு பேசுவார்.

காலையில ரொம்ப நேரம் ஒண்ணுமே கண்ணுல படல. கூட வந்தவங்க முகம் வாடிப் போச்சு. "இதுக்கு நம்ம ஊரு அமிர்தி காடே பரவாயில்ல"ன்னு ஒருத்தர் முணுமுணுத்தார். அப்போ கைடு கையைத் தூக்கினார். பள்ளத்துல இருந்து ஒரு சலசலப்பு ஏறி வந்துச்சு. ஆரஞ்சு அலகுத் தவிட்டுக்குருவிங்க. அதுங்க முன்னால வந்தா மத்ததெல்லாம் பின்னாலயே வரும். சராசரியா ஒரு கூட்டத்துல நாற்பது பறவை, பத்துப் பன்னிரண்டு இனம்னு பேராசிரியர் சரத் கொட்டகம குழு 1980களிலிருந்து கணக்கெடுத்து எழுதியிருக்காங்க. படிச்சுட்டுத்தான் போனேன். ஆனா தலைக்கு மேல ஒவ்வொரு கிளையும் அசையும்போது படிச்சது ஒண்ணும் ஞாபகத்துல நிக்கல.

நான் சொல்ல வந்தது கைடைப் பத்தி. எல்லாரும் அண்ணாந்து பார்த்துட்டிருக்கோம், அவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிட்டு, கண்ணை மூடிட்டு நிக்கிறார். "மேலே இடது பக்கம் செம்முகப் பூங்குயில், ரெண்டு." திரும்பினா ரெண்டு. "கீழே மூங்கில்ல தீக்காக்கை, ஆண்." இருந்துச்சு, செக்கச் செவேல்னு வயிறு. திடீர்னு ஒரு வல்லூறு கத்தல். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவர் கண்ணையே திறக்கல. "வல்லூறு இல்லம்மா, கரிச்சான். அது மாதிரி கத்துது." கொண்டைக் கரிச்சான் மத்த பறவைங்களோட எச்சரிக்கைக் குரலை அப்படியே எடுத்துக் கத்தும்னு அப்புறம் சொன்னார்.

கூட்டம் கடந்து போற வரைக்கும் அவர் ஒரு பறவையைக்கூடப் பார்க்கல. எங்க எல்லாரையும்விட அதிகம் தெரிஞ்சுக்கிட்டார். என் மணிக்கட்டுல அட்டை ஏறி ரத்தம் குடிச்சுட்டிருந்துச்சு, அதை எடுக்கணும்னுகூடத் தோணல. ஊருக்கு வந்த பிறகும் அந்த மூடின கண்ணு மனசுல நிக்குது. உங்களுக்கு எது நிக்குதுன்னு எழுதுங்க.

ராணிப்பேட்டை:

எனக்கு நிக்கிறது நல்ல ஞாபகம் இல்ல.

இலங்கையில கித்துல்கல காடு, ராத்திரி. செரண்டிப் ஆந்தைக்காகப் போனோம். 1995-ல பறவை ஆய்வாளர் தீபால் வரககொட அந்தக் காட்டுலதான் இனம் தெரியாத ஒரு கூவலைக் கேட்டார். 2001-ல சிங்கராஜாவுல கண்ணால பார்த்தார், 2004-ல புது இனம்னு அறிவிச்சாங்க. அந்தக் கதைக்காகவே அதைப் பார்க்கணும்னு வருஷக்கணக்கா ஆசை.

எங்களைக் கூட்டிட்டுப் போனவர் (டூர்காரங்க பேரு வேண்டாம்) மூங்கில்ல ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கட்டித் தொங்கவிட்டு, போன்ல இருந்து கூவலைப் போட்டார். வந்துருச்சு. உள்ளங்கை அளவு, செம்பழுப்பு, கொம்பு மாதிரி காது இறகு கிடையாது. இவ்வளவு கிட்டன்னு நான் நினைச்சே பார்க்கல. கூவினா தொண்டை உப்பித் தணியறது தெரிஞ்சுது. அதோட நிறுத்தியிருக்கலாம். கேமரா வச்சிருந்தவங்க "இன்னொரு தடவை, இன்னொரு தடவை"ன்னாங்க. அவரும் போட்டுட்டே இருந்தார். அது கிளை மாறி மாறி உட்கார்ந்து தேடுது. தன் இடத்துல வேற ஆந்தை புகுந்துடுச்சுன்னு நினைச்சுத் துரத்த வந்திருக்கு, துரத்த அங்க எதுவும் இல்ல. கடைசியில ஸ்பீக்கர் மேலயே வந்து உட்கார்ந்துச்சு. எல்லாரும் கைதட்டினாங்க.

நல்ல படம், தெளிவா வந்திருக்கு. திறந்து பார்க்க மனசு வரல.

ஆம்பூர்:

ராணிப்பேட்டை நண்பரோட வருத்தம் புரியுது. ஆனா இதைப் படிக்கிறவங்க "குரல் போடறதே பாவம்"னு எடுத்துப்பாங்க, அதை என்னால ஒத்துக்க முடியல. நடந்தது அளவு மீறல், அதைக் கண்டிக்கணும். அளவோட ஒரு தடவை, ரெண்டு தடவை போட்டு நிறுத்தறதும் விடாம போடறதும் ஒண்ணா? கூடு கட்டற காலத்துல போடறது நிச்சயமா தப்பு. மத்த நேரத்துல, மனுஷன் கண்ணுக்கே படாத ஒரு ஆந்தையை ஊரு உலகம் வந்து பார்க்கறதாலதான் அந்தக் கிராமத்து இளைஞனுக்குச் சம்பளம். அதனாலதான் அவன் அந்தக் காட்டைக் காப்பாத்தறான்.

சிங்கராஜாவையே எடுத்துக்கங்க. 1970களில் பிளைவுட்டுக்காக மிஷின் வச்சு மரம் வெட்டினாங்க. எதிர்ப்பு கிளம்பினதாலதான் 1977-ல நிறுத்தினாங்க. 1988-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்துச்சு. இன்னைக்கு அந்த வாசல்ல கைடா நிக்கிறவங்க வருமானம் எல்லாம் நம்மளை மாதிரி போறவங்க குடுக்கறது. பறவை பார்க்க வர்றவன் வெறுங்கையோட திரும்பினா அடுத்த வருஷம் வரமாட்டான். இதையும் யோசிக்கணும்.

என் அனுபவம் சின்னது. அந்தமான்ல சிடியாடாப்பு, பொழுது சாஞ்ச நேரம். கைடு ஒரே ஒரு தடவை குரல் போட்டார், ஆந்தை பதில் குடுத்துச்சு, உடனே போனைப் பையில வச்சுட்டார். டார்ச் வெளிச்சத்துல அரை நிமிஷம் பார்த்தோம். "போதும் சார், அதுக்கு வேலை இருக்கு"ன்னு விளக்கை அணைச்சார். இப்படிப்பட்டவங்களும் இருக்காங்க.

ஆரணி:

நுவரெலியா பக்கம் ஹார்ட்டன் சமவெளிக்குப் போற வழியில ஒரு குட்டை இருக்கு, விடியறதுக்கு முன்னாடியே அங்க போய் நிக்கணும். இலங்கைச் சீட்டியடிச்சான் கறுப்பு நிழலா வந்து தண்ணி ஓரம் உட்கார்ந்துச்சு, வெளிச்சம் வர்றதுக்குள்ள போயிடுச்சு. தோள்ல இருந்த பளபளக்கிற நீலம் மட்டும் ஒரு கணம் தெரிஞ்சுது. அவ்வளவுதான்.

போக நினைக்கிறவங்களுக்கு அனுபவத்துல சில விஷயம் சொல்றேன். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் நவம்பரும் மழைதான். சிங்கராஜாவுக்கு டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை உத்தமம். வடக்கேயிருந்து வலசை வர்ற பறவைங்களும் அப்போதான் இருக்கும். யாலா தேசியப் பூங்காவுல ஒரு பகுதியை வறட்சிக்காலத்துல, செப்டம்பர் வாக்குல, மூடி வைப்பாங்க. கேட்டுட்டு டிக்கெட் போடுங்க. ஹார்ட்டன் சமவெளி 2,000 மீட்டருக்கு மேல. நம்ம பக்கத்து வெயில்ல பழகின உடம்பு விடியற்காலை அங்க நடுங்கும், ஸ்வெட்டர் கட்டாயம். அட்டை ஏறாம இருக்க முழங்கால் வரைக்கும் துணி உறை கிடைக்கும், வாங்கிப் போட்டுக்கங்க. கடிச்சா பிய்க்காதீங்க, நகத்தால பக்கவாட்டுல தள்ளிவிடுங்க. பைனாகுலர் 8×42 போதும். பத்து மடங்கு வாங்கினா இருட்டுக் காட்டுல கை நடுக்கம்தான் பெருசா தெரியும். ஏசி ரூம்ல இருந்து எடுத்த லென்ஸ் வெளியில வந்ததும் பனி பூக்கும், பத்து நிமிஷம் முன்னாடியே வெளிய வச்சுடுங்க.

முக்கியமானது: கார் ஓட்டறவரையே கைடுன்னு சொல்லிப் பல இடத்துல பேக்கேஜ் விற்கிறாங்க. ஓட்டறவர் தங்கமான மனுஷரா இருப்பார், பறவை தெரியணும்னு இல்ல. "பறவைக்குத் தனி கைடு யாரு? ஒரு குழுவுல எத்தனை பேர்?" இந்த ரெண்டையும் கேட்காம முன்பணம் கட்டாதீங்க. ஆறு பேருக்கு மேலன்னா பின்னாடி நடக்கறவருக்கு ஒண்ணும் தெரியாது. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா சறுக்காத செருப்பும் ஊன்றுகோலும் இங்கிருந்தே எடுத்துட்டுப் போங்க.

சத்துவாச்சாரி:

ஐயா, பயனுள்ள தகவல், நன்றி. நான் என் கதையைச் சொல்லிடறேன்.

நுவரெலியா விக்டோரியா பூங்கா, சாயங்காலம். ஊருக்கு நடுவுல இருக்கற பூங்கா, பக்கத்துல சாக்கடை கலந்த ஓடை, பிள்ளைங்க விளையாட்டுச் சத்தம். அங்கதான் காஷ்மீர் ஈப்பிடிப்பானையும் பார்க்கலாம்னு வெள்ளைக்காரங்க முக்காலி போட்டு நிக்கிறாங்க. எங்க கைடு மலையகத் தமிழர். பாட்டன் சேலம் பக்கத்துல இருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவராம். "வேலூரா? கோட்டை இருக்கிற ஊரு தானே அண்ணே?"ன்னார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்ல.

ஓடைக்கரைப் புதர்க்கடியில கையைக் காட்டினார். ஆறுமணிக்குருவி. சருகைத் தள்ளித் தள்ளிப் புழு எடுக்குது. பச்சை முதுகு, கண்ணு வழியா போற கறுப்புப் பட்டை, வாலுக்கடியில சிவப்பு. வடக்கே கூடு கட்டிட்டு, அக்டோபர்ல தெற்கே இறங்கி வர்ற பறவை. எங்க வீட்டுக் கொல்லையிலயே ஐப்பசி மழையில ஒண்ணு சோர்ந்து போய் விழுந்திருக்கு. அட்டைப்பெட்டியில வச்சிருந்து விடியறப்போ விட்டோம். அதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் அந்தக் குருவியையே பார்த்துட்டிருந்துட்டு, "அப்ப இது உங்க வீடு வழியாத்தான் எங்க ஊருக்கு வருது"ன்னார்.

அதுக்கு மேல அவர் எதுவும் சொல்லல, நானும் பேசல. அவர் முகத்தை என்னால மறக்க முடியல. ஈப்பிடிப்பானைப் பார்த்தேனான்னு கேட்டா, பார்த்தேன்.

ராணிப்பேட்டை:

ஆம்பூர் அண்ணே, உங்க சிடியாடாப்பு கைடு செஞ்சதுதான் நான் கேட்கறது. "போதும்"னு சொல்ல ஒருத்தர் வேணும். காசு குடுக்கற நாம சொல்லாட்டி, நம்ம காசுல பிழைக்கிறவர் எப்படிச் சொல்லுவார்? கிராமத்து வருமானம்னு நீங்க சொன்னது சரிதான். ஆனா காட்பாடி அக்காவோட கைடு ஸ்பீக்கரே இல்லாமதானே அத்தனையும் காட்டினார்?

ஜனவரியில திரும்ப சிங்கராஜா போறேன். இந்தத் தடவை ஸ்பீக்கர் கூடாதுன்னு முன்கூட்டியே பேசி, வாட்ஸப்புல எழுத்துல வாங்கியிருக்கேன். அக்கா, அந்தக் குடாவ கைடு இப்பவும் வாசல்ல இருக்காரான்னு மட்டும் சொல்லுங்க. ராணிப்பேட்டையில இருந்து சென்னை ஏர்போர்ட்டுக்கு வேன் எடுக்கறோம், ரெண்டு சீட் காலியா இருக்கு. வாலாஜா, ஆற்காடு பக்கம் யாராவது வர்றதா இருந்தா எழுதுங்க.