இலங்கை மலைநாட்டு ஆஸ்பத்திரி, கிளினிக்: மனசை விட்டுப் போகாத ஒன்னு இருந்தா எழுதுங்க

கொழுந்துக்கூடை:
நானே ஆரம்பிக்கிறேன். அம்மாவுக்கு பிரஷர், சீனி ரெண்டும். மாசாமாசம் கிளினிக். மருந்து உறையில எழுதித் தர்றது சிங்களத்துல. அம்மாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். அதனால எல்லாம் நிறக் கணக்குதான்: வெள்ளை வட்டம் காலையில, நீளமானது சோத்துக்குப் பொறகு. நாலஞ்சு வருஷம் அப்படியே ஓடிருச்சு. ஒரு மாசம் பச்சையில ஒன்னு குடுத்திருக்காங்க. அம்மா அதைப் புது மருந்துன்னு நெனச்சு, வீட்டுல மிச்சமிருந்த வெள்ளையையும் போட்டு, பச்சையையும் போட்டு, தேயிலை மலைக்கு ஏறிருச்சு. ரெண்டும் ஒரே குளிசை, கம்பனிதான் வேற. பத்து மணிக்குத் தலைசுத்தி விழுந்து, கூடை கவுந்து, கொழுந்தெல்லாம் தண்ணிக் கானுக்குள்ள. நான் ஓடிப்போய்த் தூக்குறேன், அம்மா கேக்குது: "கொழுந்த அள்ளிட்டாங்களா?" அன்னிக்கு அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளந்தான் விழுந்துச்சு. அந்தக் கேள்வி இன்னும் காதுல இருக்கு.

மஸ்கெலியா மழை:
எங்களுக்கு மொழிப் பிரச்சினை இல்ல, அட்ரஸ் பிரச்சினை. தாத்தாவுக்கு ராத்திரி நெஞ்சுவலி. 1990 அம்புலன்ஸ் நம்பருக்குப் போன் எடுத்தேன். உடனே தமிழ்ல பேசினாங்க, குறை சொல்ல மாட்டேன். "வீட்டு இலக்கம் என்ன, வீதி என்ன?" எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. கீழ் டிவிசன், ஆறாம் லயம் (தோட்டத்து வரிசை வீடு), முனியாண்டி கோயிலுக்கு மேல. இதுதான் எங்க அட்ரஸ். கடுதாசியே தோட்டத்து ஒபிசுக்குத்தான் வரும். அந்தப் புள்ள பொறுமையா "பக்கத்துல பெரிய ரோட்டு எது?"ன்னு கேட்டு கேட்டுத்தான் அனுப்பினுச்சு. அம்புலன்ஸ் கிரவல் பாதையில ஏறல. கம்பளியில தாத்தாவைப் படுக்க வச்சு, நாலு பேர் நாலு மூலையைப் புடிச்சு, மழையில எறக்குனோம். தாத்தா பொழச்சிட்டார். எனக்கு ஞாபகம் நிக்கிறது போன்ல "ஆறாம் லயம், ஆறாம் லயம்"னு நான் கத்துனதுதான்.

மருந்துக் கவுண்டர்:
இதைப் படிச்சிட்டு சும்மா இருக்க முடியல. நானும் லயத்துல பொறந்தவன்தான், இப்ப ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிற பக்கம். கொழுந்துக்கூடை, கிளினிக் நாள்ல ஜன்னலுக்கு வெளிய வரிசை கேட் வரைக்கும் போகும். மத்தியானத்துக்குள்ள முடிக்கணும். நிறம் மாறுறது எங்க கையில இல்ல. டெண்டர்ல எந்தக் கம்பனி வருதோ அதுதான் வரும். கோவப்படணும்னா தோட்டத்து டிஸ்பென்சரியைப் பத்திக் கோவப்படுங்க. 1972லயும் 75லயும் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துச்சு, 1992ல நிர்வாகத்தைக் கம்பனிக்குக் குடுத்துச்சு. நம்ம வைத்தியம் மட்டும் ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்குது. எங்க தோட்டத்து டிஸ்பென்சரியில காய்ச்சலுக்கும் பனடோல், கால் ஒடஞ்சாலும் பனடோல்.

கொழுந்துக்கூடை:
நான் உங்களைத் திட்டலையே அண்ணே. "அம்மா, இது பழைய மருந்துதான், நிறம்தான் வேற"ன்னு ஒரே ஒரு வார்த்தை. அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

மருந்துக் கவுண்டர்:
தமிழ் தெரிஞ்ச ஆள் அன்னிக்கு ஜன்னல்ல இருந்திருந்தா சொல்லியிருப்பான். எங்க ஆஸ்பத்திரியில அந்த ஆள் நான் ஒருத்தன்தான். லீவு எடுத்தா யாரும் இல்ல.

ஓய்வுபெற்ற வாத்தியார், ஹட்டன்:
எனக்கும் ஒருதரம் சொட்டு மருந்தை மாத்திக் குடுத்தாங்க, கண் எரிஞ்சுது, அவ்வளவுதான். ஆனா பிள்ளைகளே, நான் சொல்றதக் கேளுங்க. முதலாவது, 1987ல பதின்மூணாம் திருத்தம் வந்ததுலருந்து தமிழும் அரசகரும மொழிதான். தமிழ்ல எழுதித் தாங்கன்னு கேக்கிறது பிச்சை இல்ல. இரண்டாவது, கிளினிக் கொப்பியை மடிச்சு மடிச்சு இடுப்புல சொருகாம ஒரு பொலித்தீன் உறையில போட்டு வைங்க, மழையில எழுத்து ஊறிப்போனா டொக்டரும் என்ன செய்வார்? மூணாவது, குளிசை அட்டையைக் கொப்பியில ஒட்டி வைக்கணும். புது மருந்து தந்தா அட்டையில உள்ள பேரையும் பழைய அட்டைப் பேரையும் ஒத்துப் பார்க்கணும். நாலாவது, கிளினிக்குக்கு வீட்டுல படிச்ச பிள்ளை ஒன்னக் கூட்டிட்டுப் போங்க, அது மொழிபெயர்க்கும். ஐஞ்சாவது, விடியக்காலைத் தேத்தண்ணியில சீனியைக் குறைங்க, பாதி வருத்தம் அங்கயே போயிரும்.

ஊவா மகள்:
வாத்தியார் ஐயா, நாலாவது சொன்னீங்களே. அந்தப் "படிச்ச பிள்ளை" நான்தான். பன்னண்டு வயசு. பசறைப் பக்கம் சிங்களப் பிள்ளைகளோட வெளையாடித்தான் மொழி புடிச்சேன். அம்மாவுக்கு ரெண்டு மூணு மாசமா உதிரம் நிக்கல. வீட்டுல பெரியவங்க குசுகுசுன்னு பேசிக்குவாங்க, எனக்கு எதுவும் தெரியாது. டொக்டர் என்னைப் பார்த்து, "அம்மாட்ட மொகத வெலா?"ன்னார், அம்மாவுக்கு என்னன்னு. அம்மா என் காதுல சொன்னதுக்கு எனக்குச் சிங்களத்துல வார்த்தை இல்ல. தமிழ்லயே அப்பதான் மொதத்தடவை கேக்கிறேன். பக்கத்து வாங்குல ஆம்பளைங்க. வெக்கத்துல "படே அமாருவ"ன்னுட்டேன். வயித்துவலின்னு எழுதி, கேஸ்ட்ரிக் குளிசை தந்து அனுப்பிட்டாங்க. அம்மா என் தலையைத் தடவி, "எம்புள்ள டொக்டர்கிட்டயே சிங்களம் பேசுது"ன்னு பஸ்ஸுல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு வந்துச்சு.

அதுக்கு அடுத்த வருஷம்தான் பெரிய ஆஸ்பத்திரியில கர்ப்பப்பையை எடுத்தாங்க. ரத்தம் ரெண்டு போத்தல் ஏத்தி. அம்மா இப்ப நல்லா இருக்கு. நான் என்ன சொன்னேன்னு அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

மஸ்கெலியா மழை:
தங்கச்சி, நீ பன்னண்டு வயசுப் புள்ள. உன்மேல தப்பு இல்ல.

ஊவா மகள்:
தெரியும் அண்ணே. தெரிஞ்சுதான் எழுதுறேன். ஆனா நாளைக்கும் யாராவது ஒரு புள்ளயக் கூட்டிட்டுப் போகச் சொல்லாதீங்க. வாட்டுலயும் கிளினிக்லயும் சம்பளத்துக்குத் தமிழ் பேச ஒரு ஆளைப் போடட்டும்.

ஓய்வுபெற்ற வாத்தியார், ஹட்டன்:
மகளே, நாலாவதை வாபஸ் வாங்கிக்கிறேன். மத்ததெல்லாம் சரிதான். குறிப்பா அட்டையை ஒட்டி வைக்கிறது.

கொழுந்துக்கூடை:
சேர், எங்களுக்கு அட்டையோட எங்க தர்றாங்க? எண்ணி உறையில கொட்டித்தானே தர்றாங்க.

மருந்துக் கவுண்டர்:
அது உண்மைதான். பெரிய டப்பாவுல ஆயிரம் ஆயிரமா உதிரியா வரும், நாங்க எண்ணித்தான் போடுறோம். கொழுந்துக்கூடை, அம்மா எந்தக் கிழமை கிளினிக்குக்கு வர்றாங்க?