மறு: 'கட்டற்ற கொழுப்பு அமிலம்' சரியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

'ஃப்ரீ ஃபேட்டி ஆசிட்' (free fatty acid, எஃப்.எஃப்.ஏ.) என்பதில் வரும் 'ஃப்ரீ'க்கு 'கட்டற்ற' என்று ஐயா முன்மொழிந்தது இலக்கணப்படி குற்றமில்லாத சொல்தான். ஆனால் ஒன்றாம் வகை சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக நாங்கள் தயாரிக்கும் துண்டறிக்கையில் அதைப் போட்டுப் பார்த்தேன். தக்கலைப் பக்கத்து அம்மா ஒருவர் படித்துவிட்டுக் கேட்டார்: "ஏன் அண்ணே, பிள்ளைக்கு கொழுப்பு கட்டுக்கடங்காம ஏறிப்போச்சா?" அவரைக் குறை சொல்ல முடியாது. கட்டற்ற வெள்ளம் என்றால் நாமும் அப்படித்தானே புரிந்துகொள்வோம்? (கணினி மொழிபெயர்ப்பு இதை 'இலவச கொழுப்பு அமிலம்' ஆக்கியது. அதற்கு இது எவ்வளவோ மேல்.)

நான் தோவாளைப் பக்கத்துக்காரன். எனக்குத் தோன்றுவது 'உதிரி'. எங்கள் சந்தையில் பிச்சி இரண்டு விதமாகக் கிடைக்கும்: நாரில் கட்டிய சரம், எடைபோட்டுத் தரும் உதிரிப்பூ. உடம்பின் கொழுப்புச் செல்லுக்குள் இருப்பது சரம். கிளிசரால் என்னும் ஒரு நாரில் மூன்று கொழுப்பமிலங்கள். அதை அறுக்கும் கத்தரி லிப்பேஸ் நொதி. கத்தரியை மூடி வைத்திருப்பது இன்சுலின். ஊசி தவறினால் கத்தரி திறந்துகொள்ளும், பூ உதிர்ந்து இரத்தத்துக்கு வரும். கல்லீரல் அதை அள்ளிக் கீட்டோன் என்னும் பொருளாக மாற்றும். அளவு மீறினால் இரத்தம் அமிலமாகி, பிள்ளையின் மூச்சில் பழ வாடை அடிக்கும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை அது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. இந்த அமிலம் இரத்தத்தில் தன்னந்தனியாக மிதப்பதில்லை, பெரும்பாலும் அல்புமின் புரதத்தில் ஒட்டிக்கொண்டுதான் போகிறது. உதிரிப்பூவும் அப்படித்தான், நாரில் இல்லை, கூடையில் இருக்கிறது. 'ஃப்ரீ'க்கு 'கட்டற்ற' என்றாலும் 'தனி' என்றாலும், இரண்டுமே இங்கே அடிபட்டுப் போகின்றன.

'உதிரி பாகம் நினைவுக்கு வருகிறதே' என்று சகோதரி கேட்டிருந்தார். வரட்டுமே, அதுவும் கழன்று தனியாகக் கிடைப்பதுதான். உதிரத்தில் உதிரி என்று யாராவது சிலேடை பேசுவார்கள், அதையும் தாங்கிக்கொள்வோம். தேங்காய் எண்ணெய் மில்காரர்கள் எஃப்.எஃப்.ஏ. எவ்வளவு என்று பார்க்கிறார்களே, அதுவும் இதே சரக்குதான். ஈரக் கொப்பரையில் ஆட்டிய எண்ணெயில் அது கூடுதலாக இருக்கும். ஆக, மில்லுக்கும் லேப்புக்கும் ஒரே சொல் போதும்.

இதற்கே இன்னொரு பெயரான 'எஸ்டராகாக் கொழுப்பமிலம்' (கிளிசராலோடு சேராதது என்று பொருள்) வேதியியல் அகராதியில் இணைச்சொல்லாக இருந்துவிட்டுப் போகட்டும், துண்டறிக்கைக்கு வேண்டாம்.

ஆகவே என் பரிந்துரை: உதிரிக் கொழுப்பமிலம். சோதனைக்கு, 'இரத்த உதிரிக் கொழுப்பமில அளவு'. உதிரிப்பூவில் 'ப்' வருவதுபோல் இங்கே 'க்' வரும், அதை விட்டுவிடாதீர்கள். அச்சுக்கு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.